பிளாட்பாரத்து மாதா

1

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் இருக்கும் கலிபோர்னியச் சிற்றூரில் வருஷா வருஷம் சாக்பீஸ் ஓவிய விழா ஒன்று நடக்கும். ஒரு கார் நிறுத்துமிடத்தை மூடிவிட்டு, தார்த் தரையில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் தருவார்கள். இந்த வருஷம் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. கட்டம் எண் 37. அகலம் 10 அடி, நீளம் 12 அடி. சனிக்கிழமை காலை ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். வண்ணக்கட்டிகள் ஒரு பெட்டி அவர்களே தருவார்கள். கட்டத்தின் தலைமாட்டில் ஸ்பான்சர் பெயர் இருக்கும். எனக்கு வாய்த்தது ஒரு பல் மருத்துவமனை. என்ன வரையப் போகிறேன் என்று பத்து நாளுக்குள் ஒரு சின்ன மாதிரிப் படம் அனுப்ப வேண்டும்.

நான் ஓவியன் இல்லை. சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது பிழைப்பு. ஆனால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டே இருக்கும் பையன்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்களே, அந்த ஜாதி. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "3டி போட்டுருங்க ப்ரோ. பெரிய பள்ளம் மாதிரி. எல்லாரும் ஓரத்துல நின்னு விழுற மாதிரி போஸ் குடுப்பாங்க. ரீல்ஸ்ல பிச்சிக்கும்" என்றான்.

நல்ல யோசனைதான். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இந்தப் பள்ளம் வரைகிற வித்தை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் ரோமுக்குப் போனது, அங்கிருந்து லண்டனுக்குப் போனது, சுற்றிச் சுற்றி கடைசியில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எங்கள் அப்பாவின் டீக்கடை வாசலில் வந்து நின்றது. அங்கிருந்து நகரவே முடியவில்லை. மாதிரிப் படம் அனுப்ப வேண்டிய பத்து நாளில் ஒன்பது அப்படியே போய்விட்டது.

2

1994 ஆகஸ்ட் கடைசி. எனக்குப் பத்து வயது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் காவி உடுத்திய கூட்டம் ராத்திரி பகலாக எங்கள் ஊர் வழியே நடந்து போகும். சிலர் செருப்பில்லாமல், சிலர் சின்ன மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு. டீக்கடைக்கு அதுதான் சீசன்.

அந்த ஆளுக்கும் அதுதான் சீசன். எங்கள் கடையை ஒட்டிய சிமெண்ட் பிளாட்பாரத்தில் விடியும்போதே வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு கோணிப்பை, அதற்குள் உடைந்த செங்கல், அடுப்புக்கரி, வகுப்பில் டீச்சர் எழுதுகிற வெள்ளை சாக்பீஸ், மஞ்சள் பொட்டலம், எங்கேயோ பறித்த ஒரு கொத்து இலை. பென்சில் கிடையாது, அளவுகோல் கிடையாது. கரியால் ஒரு முட்டை வடிவம் போடுவார். அதுதான் முகம். அங்கிருந்து கீழே இறங்கி, ஒன்பது மணிக்குள் ஆளுயர மாதா தரையில் படுத்திருப்பாள். கையில் குழந்தை. இரண்டு பேர் தலையிலும் கிரீடம். இலையைக் கசக்கித் தேய்த்தால் பச்சை. செங்கல் தேய்த்தால் உடம்பு நிறம். புடவைக்கு மட்டும் வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப்பொடி.

காலில் கொப்புளத்தோடு நடந்து வருகிறவர்கள் நின்று, குனிந்து தொட்டுக் கும்பிட்டு, நாலணா எட்டணா போடுவார்கள். காசு மாதாவின் காலடியில் மட்டும்தான் விழும். முகத்தின்மேல் யாரும் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு நாள் காலையில் அந்தப் படத்தின்மேல் நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அப்பா கடை வாசலைக் கழுவச் சொன்னார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாவின் இடுப்புக்குக் கீழே எல்லாம் நீலமும் செங்கல் சிவப்புமாகக் கலந்து சாக்கடைக்கு ஓடியது. அந்த ஆள் சத்தம் போடவில்லை. தண்ணீரோடு உருண்ட காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அவ்வளவுதான்.

3

இத்தாலியில் இந்த ஆட்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: மடோன்னாரி. மடோன்னா என்றால் மாதா. மாதாவை வரைகிறவர்கள் மடோன்னாரி. ஒருமையில் மடோன்னாரோ. இதைப் படித்த இடத்திலேயே கொஞ்ச நேரம் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். எங்கள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் செய்த வேலைக்கு உலகத்தில் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்.

மடோன்னாரிகள் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். எந்த ஊரில் எந்தப் புனிதருக்கு எப்போது திருவிழா என்பது அவர்களுக்கு மனப்பாடம். முதல் நாள் போய்ச் சேருவார்கள், கோயில் முன் தரையில் மாதாவை வரைவார்கள், விழுகிற காசை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர். கரி, செங்கல், சுண்ணாம்புக் கட்டி இவைதான் கருவி. பெரிய தேவாலயங்களில் சுவரோவிய வேலை முடிந்து கூலி நின்றுபோன ஓவியர்கள்தான் முதலில் தெருவுக்கு இறங்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. பிச்சைக்காரருக்கும் ஒரு ராஜவம்சம் தேடிக் கொடுக்கும் கதை. எனக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. கோணிப்பையோடு வந்தவரின் முன்னோர் மைக்கேலாஞ்சலோவாக இருந்துதான் அவர் படம் நல்ல படமாக வேண்டும் என்றில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இத்தாலியில் இந்தத் தொழில் மெலிந்துகொண்டே போனது. ஸ்கூட்டரும் காரும் தெருவைப் பிடித்துக்கொண்டன. வயதான சிலர் மட்டும் மிச்சமிருந்தார்கள். அப்போதுதான் 1973இல் மாந்துவா நகரத்துக்குப் பக்கத்தில் கிராட்சியே என்கிற சின்ன ஊரில், ஆகஸ்ட் 15 அன்று, மடோன்னாரிகள் சந்திப்பு ஒன்றை நடத்தினார்கள். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம். கத்தோலிக்கருக்கு மாதா விண்ணேற்புத் திருநாள்.

கிராட்சியேயில் ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது. கொள்ளைநோயிலிருந்து தப்பித்ததற்கு நேர்த்திக்கடனாக மாந்துவாவை ஆண்ட பிரான்செஸ்கோ கொன்சாகா கட்டியது. 1406இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே கூரையிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்று சங்கிலியில் தொங்குகிறது. சுவர் மாடங்களில் மாதா காப்பாற்றிய மனிதர்களின் ஆளுயரப் பொம்மைகள். வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை, கால், கண் செய்து வைத்திருப்பார்களே, அதே கணக்கு. அந்தக் கோயிலின் முன்வாசல் தரையில்தான் வரைவார்கள். ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில் முட்டி போட்டு வரைவார்கள். ஆயர் வந்து படங்களையும் சாக்பீஸ்களையும் ஆசீர்வதிப்பார். பரிசு உண்டு. சாதாரண மடோன்னாரோ, தேர்ந்த மடோன்னாரோ, மாஸ்டர் மடோன்னாரோ என்று மூன்று படிநிலையும் உண்டு.

போலீஸ் விரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நாள் கோயில் வாசலை எழுதி வைத்தது அந்த ஊர். செத்துக்கொண்டிருந்த கலை அதனால் பிழைத்தது. நான் கட்டம் எண் 37இல் உட்காரப் போவதற்கும் அந்த நாள்தான் காரணம். அதில் சந்தேகமில்லை. ஆனால் பிழைத்தது கலை. அந்தப் பழைய ஆட்கள்? திருவிழாவுக்குப் படிவம் நிரப்ப வேண்டும். நிலையான முகவரி வேண்டும். கலைக்கல்லூரி மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் தரையில் இருந்த கை மாறிவிட்டது.

4

லண்டனில் இதே தொழிலுக்கு ஸ்க்ரீவர் என்று பெயர். எழுதுவது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் ஸ்க்ரீவர் என்றால் பொய்யான பிச்சை மனு எழுதித் தருகிறவர். கப்பல் மூழ்கிவிட்டது, வீடு எரிந்துவிட்டது என்று கையெழுத்து முத்திரையோடு எழுதிக் கொடுப்பார்கள். தாளில் எழுதிய அதே மனு பிற்பாடு தரைக்கு வந்தது, எழுத்தோடு படமும் சேர்ந்தது.

ஆனால் ஸ்க்ரீவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பக்கங்களை எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1933இல் வந்த 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' நூலில் போஸோ என்று ஒருவர் வருகிறார். பெயிண்டராக இருந்து, உயரத்திலிருந்து விழுந்து கால் நொறுங்கியவர். தேம்ஸ் கரையில், வாட்டர்லூ பாலத்துக்குப் பக்கத்தில் வரைகிறார். மற்றவர்களைப் போல் கரும்பலகை சாக்பீஸ் அவருக்குப் பிடிக்காது, அசல் வண்ணங்கள்தான். அன்றாட அரசியலை வைத்துக் கேலிச்சித்திரம் போடுவார். கடன் என்று எழுதிய யானையை வின்ஸ்டன் சர்ச்சில் தள்ளிக்கொண்டிருப்பதுபோல ஒன்று. உழைப்பு என்கிற முயலை முதல் என்கிற மலைப்பாம்பு விழுங்குவதுபோல இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்த போலீஸ்காரர் அழிக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கரையில் ஒரு ஸ்க்ரீவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே 25 கஜம் இடைவெளி விட வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்ததாம். யாரும் எழுதி வைக்காத சட்டம். எங்கள் விழாவில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே 2 அடி விட்டிருக்கிறார்கள், அதற்கு எட்டுப் பக்கத்தில் விதிமுறை.

இன்னொரு லண்டன்காரர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருப்பார். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் (1964) தரையில் படம் வரையும் பெர்ட். குழந்தைகளும் அவனும் அந்தப் படத்துக்குள்ளேயே குதித்துப் போவார்கள். ஆனால் பி. எல். டிராவர்ஸ் எழுதிய மூலக்கதையில் (1934) பெர்ட்டுக்கு இரண்டு தொழில். வெயிலடித்தால் தரையில் படம் வரைவான். மழை பெய்தால் படம் அழிந்துபோகும், அதனால் தீப்பெட்டி விற்பான். குழந்தைகள் கதை என்றாலும் இந்த ஒரு விவரம் பொய் சொல்லவில்லை. மழை நாளில் எங்கள் ஊர்க்காரர் என்ன விற்றார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றியதில்லை.

கவனித்தால் ஒன்று புரியும். தரையில் வரைந்தவர்கள் யாரும் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. வரைந்ததும் மிச்சமில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியது, இல்லையென்றால் அழிக்கச் சொன்னவரைப் பற்றிய ஒரு குறிப்பு. போஸோவின் ஒரு கோடுகூட இன்று இல்லை. ஆர்வெல் அந்த வழியாகப் போனதால் போஸோ இருக்கிறார். தஞ்சாவூர் பிளாட்பாரத்தில் ஆர்வெல் நடக்கவில்லை. நான்தான் வாளியோடு நின்றேன்.

5

இனி வேலைக்கு வருவோம். ஏழாவது நாள் நான் பட்டியல் போட உட்கார்ந்தேன்.

தார்த் தரை சொரசொரப்பானது. நேரடியாக வண்ணக்கட்டியைத் தேய்த்தால் பாதி நிறம் பள்ளங்களுக்குள் காணாமல் போகும். அதனால் முதலில் தண்ணீரில் கரைந்துவிடும் போஸ்டர் வண்ணத்தை நீர்க்கப் பூசிக் காயவிடுவார்கள். அது ஒரு தளம். அதன் மேல் நூல் கட்டி ஓரடிக்கு ஓரடி சதுரம். கொத்தனார் சாக்பீஸ் தூள் தேய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவாரே, அதே முறை. காகிதத்தில் போட்ட படத்திலும் அதே எண்ணிக்கையில் சதுரம். ஒவ்வொரு சதுரமாகப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 15 புள்ளி 15 வரிசை என்றால் அது ஒரு கட்டம்தான். கோடுக்குப் பதில் புள்ளி.

இன்னொரு வழி, காகிதத்தில் கோடுகளின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, தரையில் விரித்து, கரித்தூள் கட்டிய துணிமூட்டையால் தட்டுவது. துளை வழியே புள்ளிகள் இறங்கும். மறுமலர்ச்சிக் காலச் சுவரோவியர்கள் இப்படித்தான் சுவருக்குப் படத்தை மாற்றினார்கள். மார்கழியில் தகரக் கோல அச்சு வாங்கியவர்களுக்கு இதுவும் புதிதில்லை.

பிறகு, முட்டிக்குப் பஞ்சுப் பட்டை. வண்ணத்தைத் தேய்த்துக் கலக்க ஸ்பாஞ்சுத் துண்டுகள், ஏனென்றால் தாரில் விரலைத் தேய்த்தால் மத்தியானத்துக்குள் ரேகை போய்விடும். தொப்பி. கட்டத்தை மூட பிளாஸ்டிக் விரிப்பு. மேலிருந்து கீழாக வரைய வேண்டும், இல்லையென்றால் வரைந்ததன் மேலேயே முட்டி போட நேரும்.

வண்ணப் பட்டியலில் நீலத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

ஐரோப்பிய ஓவியங்களில் மாதாவின் அங்கி நீலமாக இருப்பதற்கு ஒரு காரணம் விலை. அல்ட்ராமரின் என்கிற அந்த நீலம், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டிய வைடூரிய நீலக்கல்லைப் பொடித்து எடுத்தது. கடல் தாண்டி வந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். தங்கத்தோடு போட்டிபோடும் விலை. படம் வரையச் சொல்லும் செல்வந்தர் எவ்வளவு நீலம், என்ன தரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார். தங்களிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்ததை மாதாவுக்கு உடுத்தினார்கள். 1824இல் பிரான்சில் இந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்கிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள். 1828இல் அது ழான் பாப்டிஸ்ட் கிமேவுக்குக் கிடைத்தது. களிமண், சோடா, கந்தகம், கரி சேர்த்துச் சுடும் முறை. விலை தடதடவென்று சரிந்தது. சரிந்து சரிந்து, வெள்ளைத் துணியின் மஞ்சள் தெரியாமலிருக்கச் சலவைத் தண்ணீரில் கலக்கும் பொட்டலம் வரைக்கும் வந்துவிட்டது. சொட்டு நீலம் வருவதற்கு முன் நம் வீடுகளில் இருந்த நீலப்பொடி அந்தச் செயற்கை அல்ட்ராமரின்தான்.

அதாவது, கோணிப்பைக்காரர் வேட்டி நீலத்தை எடுத்து மாதாவின் புடவைக்குத் தேய்த்தபோது, வேதியியல் கணக்கில் அது இத்தாலியக் கோயில் சுவரில் இருக்கிற நீலத்தின் உடன்பிறப்பு. அவருக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை. அவரும் தன்னிடம் இருந்ததில் காசு கொடுத்து வாங்கிய ஒரே வண்ணத்தை அவளுக்குத்தான் கொடுத்தார். கரியும் செங்கலும் இலையும் சும்மா கிடைத்தவை.

6

3டி யோசனையை நான் விட்டுவிடவில்லை. அதற்கும் ஒரு நீண்ட வம்சம் இருக்கிறது. 1533இல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்தின் கீழே இழுத்துவிட்ட கறை மாதிரி ஒன்று இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மண்டையோடு. 1685இல் ரோமின் புனித இக்னேஷியஸ் கோயிலில் ஆந்த்ரேயா போட்ஸோ தட்டையான ஒரு பரப்பில் குவிமாடம் இருப்பதுபோலவே வரைந்தார். தரையில் பதித்த வட்டக்கல்லில் நின்று பார்த்தால் குவிமாடம். நாலடி தள்ளினால் கோணல்.

இந்த வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் கர்ட் வென்னர் என்கிற அமெரிக்கர். நாசாவில் விண்வெளிக் காட்சிகள் வரையும் வேலையை விட்டுவிட்டு 1982இல் ரோமுக்குப் போனார். அங்கே தரையில் வரைந்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, இவரும் தரைக்கு இறங்கினார். கூரைக்குச் செய்த கணக்கைக் கீழே திருப்பிப் போட்டார். தரை பிளந்தது, உள்ளிருந்து ஆட்கள் எழுந்தார்கள். 1987இல் கேத்தி கூரி என்கிற பெண்மணி கிராட்சியேயின் பாணியில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், பழைய மிஷன் தேவாலயத்தின் முன்னால் விழா ஒன்றைத் தொடங்கினார். கட்டத்துக்கு ஸ்பான்சர் பிடிப்பது, அந்தப் பணத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் கலைக் கல்விக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு. அதைப் பார்த்து அமெரிக்கா முழுக்கப் பரவியது. எங்கள் ஊர் விழா அந்த மரத்தில் ஒரு கிளை.

எட்டாவது நாள் கணக்குப் போட்டேன். பார்ப்பவரின் கண் 5 அடி உயரம். அவர் கட்டத்தின் முன்விளிம்பிலிருந்து 8 அடி தள்ளி நிற்கிறார். முன்விளிம்பில் 1 அடி உயரத்தில் ஒரு பொருள் நிற்பதுபோலத் தெரிய, தரையில் 2 அடி நீளத்துக்கு வரைய வேண்டும். 2 அடி உயரத்துக்கு 5 அடி 4 அங்குலம். 3 அடி உயரத்துக்கு 12 அடி. 4 அடி என்றால் 32 அடி. கண்மட்டத்தை நெருங்க நெருங்கப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வயதுப் பையன் ஒருவன், நாலரை அடி, வாளியோடு நிற்க 72 அடித் தரை வேண்டும். என்னிடம் இருப்பது 12.

12 அடிக்கு 3 அடி. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 3 அடிதான். கணக்கு அவ்வளவு சரியாக வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அவரையே வரைந்துவிடலாம். ஒரு இடத்தில் நின்று பார்த்தால், கலிபோர்னியத் தார்த் தரையில் தஞ்சாவூர்க்காரர் கோணிப்பையோடு உட்கார்ந்திருப்பார்.

காகிதத்தை எடுத்தேன். வரைய முடியவில்லை. அவர் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. உச்சந்தலை தெரியும், கத்தரி படாத நரைமுடி. முதுகு தெரியும். கரி அப்பிய உள்ளங்கால் தெரியும். நான் அவரைப் பார்த்ததெல்லாம் மேலிருந்துதான். நின்றுகொண்டிருந்தவன் நான், குனிந்திருந்தவர் அவர்.

வேறு முகம் ஒட்டலாம்தான். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. இந்த 3டி படம் ஒரே ஒரு இடத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் படம். மற்ற மூன்று பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இழுபட்ட கறை. விழாக்களில் சரியான இடத்தில் கேமரா படம் போட்ட ஸ்டிக்கரே ஒட்டி வைத்துவிடுகிறார்கள், வரிசையில் நின்று ஃபோன் நீட்ட வேண்டியதுதான். பிளாட்பாரத்து மாதா அப்படியில்லை. கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவருக்கும் அவள் மாதா, திருவாரூர்ப் பக்கம் நடந்து போகிறவருக்கும் மாதா.

7

ஒன்பதாவது நாள் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். கடையை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார்.

"அப்பா, நம்ம கடை வாசல்ல ஒருத்தர் மாதா படம் வரைவாரே, ஞாபகம் இருக்கா?"

"யாரு, அந்தக் கோணிப்பைக்காரரா? நல்லா இருக்கே. மாதா கோயில் சீசன்ல மாதா, சித்திரைத் தேருக்குச் சமயபுரம் போயி மாரியாத்தா. வருஷம் தப்பாம வருவாரு. நான் டீ குடுத்தா காசு குடுத்துருவாரு. ஓசில குடிக்க மாட்டாரு."

"பேரு என்னப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேரு கேக்கலடா தம்பி. 'ஐயா'ம்பேன். அவரும் 'ஐயா'ம்பாரு."

"அன்னைக்கு வாசல கழுவச் சொன்னீங்களே. நான் படத்து மேல தண்ணி ஊத்துனேன்."

"நான் எங்கடா படத்து மேல ஊத்தச் சொன்னேன்? வாசப்படிய கழுவச் சொன்னேன். ஒனக்கு அவரு மேல கோவம். கலர் சாக்பீஸ் ஒன்னு கேட்டிருக்க, அவரு தரல."

எனக்கு இது சுத்தமாக நினைவில் இல்லை. முப்பது வருஷமாக என் கதையில் வாளியைக் கொடுத்தது அப்பா. நான் சொன்னதைச் செய்த பையன். இப்போது யோசித்தால், அவரிடம் கலர் சாக்பீஸ் இருந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது. வெள்ளை மட்டும்தான் என் ஞாபகம். அப்பா சொல்வது தப்பாக இருக்கலாம். நான் சொல்வதும் தப்பாக இருக்கலாம். தரையில் ஒன்றும் மிச்சமில்லை, யார் சொல்வது சரி என்று போய்ப் பார்த்துவிட்டு வர.

அப்பா பேச்சை மாற்றினார். "அங்க வரையறதுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"காசு தர மாட்டாங்கப்பா. சாக்பீஸ் தருவாங்க."

"அப்ப ஓசிலயா? அவராவது பொழுது சாயறதுக்குள்ள இருபது முப்பது ரூவா பாத்துருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்ற வரலாறு முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. முன்பு வரைந்தவருக்குக் காசு தேவை, அனுமதி கிடையாது. இப்போது வரைகிறவனுக்கு அனுமதி உண்டு, காசு தேவையில்லை. தரை ஒன்றுதான். விழா எடுப்பவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்குப் பணம் போகிறது, எல்லாம் சரி. ஆனால் கோணிப்பையோடு ஒருவர் விழாவன்று காலை வந்து, 37க்கும் 38க்கும் நடுவில் இருக்கும் அந்த 2 அடியில் உட்கார்ந்தால், மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வலர் ஒருவர் மிகவும் மரியாதையாக அவரை எழுப்பிவிடுவார்.

8

அன்று ராத்திரியே மாதிரிப் படத்தை அனுப்பிவிட்டேன். பள்ளம் இல்லை. 3டி இல்லை. வேளாங்கண்ணி மாதா, அவர் போட்ட மாதிரியே தட்டையாக. முட்டை முகம். குழந்தைக்கும் அம்மாவுக்கும் ஒரே முகம், ஏனென்றால் அவருக்கு ஒரு முகம்தான் வரும். அப்பா சொன்ன மாரியாத்தாவுக்கும் அநேகமாக அதே முகமாகத்தான் இருந்திருக்கும். 'சமயப் படம் கூடாது என்று விதி இல்லை, ஆனால் இதில் உங்கள் சொந்தக் கற்பனை எங்கே?' என்று விழாக் குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கற்பனை இல்லை, இது ஒருவருடைய படத்தின் நகல் என்று எழுதினேன். யாருடையது என்று கேட்டார்கள். பெயர் தெரியாது, ஊரும் வருஷமும் தெரியும் என்றேன். இரண்டு நாள் கழித்து ஒப்புதல் வந்தது.

போன சனிக்கிழமை வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒத்திகை பார்த்தேன். 4 அடிக்கு 5 அடி. மேலிருந்து கீழாக, ஸ்பாஞ்சு வைத்துத் தேய்த்து, விதிப்படி. முகம் அழகாக வந்தது. அழகாக வந்ததுதான் பிரச்சினை. கன்னத்தில் நிழல், உதட்டில் பளபளப்பு, ஏதோ நகைக்கடைக் காலண்டர். அழித்துவிட்டு, தோட்டத்துக் கரி அடுப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, நூலும் சதுரமும் இல்லாமல், ஒரே இழுப்பில் முட்டை போட்டேன். கோணியது. மறுபடி போட்டேன். எட்டாவது தடவை கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அவருக்கு அது முதல் இழுப்பிலேயே வரும். ஒரு மணி நேரத்தில் முட்டி விண்ணென்று தெறித்தது. அவர் காலை ஒன்பது மணிக்குள் முடிப்பார், தினமும், வெறும் சிமெண்டில்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை வந்து எட்டிப் பார்த்தாள். ஆறு வயதிருக்கும். அந்த நீலம் வேண்டும் என்று கைநீட்டினாள். கொடுத்தேன். என் மாதாவின் காலடியில் ஒரு மீனோ படகோ வரைந்துவிட்டுப் போனாள்.

இந்தச் சனிக்கிழமை விழா. பையில் முட்டிப் பட்டை, பிளாஸ்டிக் விரிப்பு, நாலு துண்டுக் கரி, இந்தியக் கடையில் தேடி வாங்கிய ஒரு பொட்டலம் மஞ்சள் தூள். வண்ணக்கட்டிப் பெட்டியில் நீலம் மூன்று வகை இருக்கிறது; அல்ட்ராமரினை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கட்டத்தின் மேலே பல் மருத்துவமனையின் பெயர் இருக்கும். கீழே ஓவியர் பெயர் எழுத ஒரு அடி இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே 'தஞ்சாவூர், பழைய பஸ் ஸ்டாண்ட், 1994' என்று தமிழில் எழுதப் போகிறேன்.

விழா முடிந்த திங்கட்கிழமை காலையில் தண்ணீர் லாரி வந்து கழுவிவிட்டுப் போகும். அதுவும் அந்த எட்டுப் பக்க விதிமுறையில் இருக்கிறது. நான் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். போய்ப் பார்க்க வேண்டும்.